சதுப்பு நிலத்தில் ஓதம் செல்லும் வழி

கடலோர உவர் சதுப்பு நிலம் தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு ஒரே சமதளமாகத் தோன்றும். உண்மை அவ்வாறன்று. தமிழ்நாட்டில் பிச்சாவரம், முத்துப்பேட்டைப் பகுதிகளில் ஓதத்தின் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையேயுள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவாகும். அங்கு ஒரு சாண் மேடு நீரைத் தடுத்துவிடும். ஒரு சாண் பள்ளம் குட்டையாகிவிடும். சுமார் 10 மீட்டர் உயரத்திற்கு ஓதம் எழும் கம்பாத் வளைகுடாவில் அதே சாண் பொருட்டன்று.

ஓதநீர் முதலில் ஓடைகளின் வழியே உட்புகுகிறது. கரை வழிந்த பின்னர் மெல்லிய பரப்பாக விரிகிறது. செடிகளின் தண்டுகளும் வேர்களும் அதன் வேகத்தைத் தணிக்கவே, வண்டல் பெரும்பாலும் கரையோரத்திலேயே படிந்துவிடுகிறது. ஆதலால் ஓடைக்கரை சற்று உயர்ந்தும் அதற்கப்பாலுள்ள நிலம் தாழ்ந்தும் அமைகின்றன. தாழ்ந்த நிலத்து நீர் மீண்டும் ஓடையை அடைவதற்குக் கிளையோடைகள் இன்றியமையாதவை. ஏறி இறங்கும் நீரின் அளவுக்கேற்பவே ஓடையின் அகலமும் ஆழமும் நிலைபெறுகின்றன. சுந்தரவனத்தில் தீவுகளைச் சுற்றிக் கரை எழுப்பியதால் ஓதம் நிலத்தில் பரவ இயலாது போயிற்று. வண்டல் ஓடைகளிலேயே தங்கிப் பல ஓடைகள் தூர்ந்தன.

பிச்சாவரத்தில் நேர்ந்தது வேறு. அங்குள்ள அலையாத்திக் காடு, ஆங்கிலேயர் காலம் முதல் 1970களின் தொடக்கம் வரை, சுழற்சி முறையில் பகுதி பகுதியாக முற்றாக வெட்டப்பட்டு வந்தது. நிழலிழந்த சேற்று நிலம் வெயிலில் உலர்ந்து அமிழ்ந்து, தொட்டி போன்ற பள்ளமாயிற்று. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரு ஓதத்தில் நீர் அதனுள் புகும், வடிய வழியில்லை. கோடையில் அந்நீர் ஆவியாக, உப்பு மட்டும் எஞ்சும். விழுந்த விதை எதுவும் அங்கு முளைத்து நிலைக்கவில்லை. காட்டின் சீர்கேட்டிற்கு விறகு வெட்டுவோரையும் கால்நடைகளையும் மட்டுமே குறை கூறுவது நெடுநாள் வழக்கமாயிருந்தது. ஏழைகளின்மீது பழி சுமத்துவது எளிதன்றோ!

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் நடத்திய ஆய்வுகள் நிலத்தின் வடிவமே முதற்காரணம் என்பதைத் தெளிவாக்கின. வனத்துறையும் கிராம மக்களும் இணைந்து நடுவே ஒரு முதன்மைக் கால்வாயும் இருமருங்கிலும் சாய்வான கிளைகளுமாக, மீன் முள் வடிவில் வெட்டினர். தேங்கிய நீர் நாள்தோறும் வந்து செல்லத் தொடங்கியது. மண்ணின் உப்புக் குறைந்தது. நட்ட வெண்கண்டல் கன்றுகள் வேரூன்றின. ஆந்திரத்தின் கிருஷ்ணா, கோதாவரி கழிமுகங்களிலும் இம்முறை பின்பற்றப்பட்டது.

திட்ட மதிப்பீடுகளில் கன்றுகளின் எண்ணிக்கை பெறும் இடத்தை நிலமட்ட அளவை பெறுவதில்லை என்பது என் கருத்து. பராமரிப்புச் செலவும் அவ்வாறே விடுபடுகிறது. நீரின் வேகம் மிகக் குறைவாயுள்ள கிளைகளின் கடைமுனைகளே முதலில் தூர்கின்றன; சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றைத் தூர்வார வேண்டும். வாரிய மண்ணை இடைவெளியின்றிக் கரையில் குவித்தலும் ஆகாது. குவித்தால் அதுவே புதிய வரப்பாகி ஓதத்தை மறிக்கும்.