குத்தூசி மருத்துவம்: மரபுக் கோட்பாடும் ஆய்வுச் சான்றும்

குத்தூசி மருத்துவம் எனத் தமிழில் வழங்கும் அக்குபஞ்சர், சீன மரபில் தோன்றி வளர்ந்த சிகிச்சை முறையாகும். இதன் கோட்பாட்டு அடிப்படை ‘ஹுவாங்டி நெய்ஜிங்’ என்னும் பழஞ்சீன மருத்துவ நூலில் காணப்படுகிறது. ‘சீ’ எனப்படும் உயிராற்றல் உடலிலுள்ள பாதைகளின் வழியே இயங்குகிறது. அவ்வியக்கம் தடைப்படின் நோய் தோன்றும். பாதைகளில் அமைந்த புள்ளிகளில் மெல்லிய ஊசிகளைச் செருகினால் அது சீராகும் என்பது மரபின் விளக்கம்.

இம்முறையின் பயனை ஆராய்வோர், மரபுவழிப் புள்ளிகளில் குத்துவதைப் பிற இடங்களில் மேலோட்டமாகக் குத்துவதோடு ஒப்பிடுவர். நாட்பட்ட கீழ்முதுகுவலியுடைய 1162 பேரிடம் ஜெர்மனியில் நிகழ்த்தப்பட்டு 2007-இல் வெளியான ஆய்வு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. ஆறு மாதங்களுக்குப் பின் முதல் பிரிவில் 47.6 விழுக்காட்டினரும், இரண்டாம் பிரிவில் 44.2 விழுக்காட்டினரும் முன்னேற்றம் கண்டனர். மருந்து, உடற்பயிற்சி முதலிய வழக்கமான சிகிச்சை பெற்றோரில் இது 27.4 விழுக்காடே.

ஊசியிட்ட இரு பிரிவினரும் கூடுதல் நன்மை பெற்றனர்; ஆயினும் புள்ளியின் இருப்பிடம் அந்நன்மையைத் தீர்மானித்ததாகத் தெரியவில்லை. ஆகவே, வலி தணிந்தது என்பதைக் கொண்டே ‘சீ’ கோட்பாடு மெய்ப்பிக்கப்பட்டது எனக் கொள்ளுதல் பொருந்தாது. பயிற்சி பெற்றவர் நுண்ணுயிர் நீக்கிய ஊசியால் செய்யும் வலிதணிப்புத் துணைச் சிகிச்சையாக இதனை மதிப்பிடுவதே சான்றுகளுக்கு இசைவானதாகும்.