சுலபமாக வருவது எல்லோருக்கும் வருவதில்லை

மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும்போது அலுவலகத்தில் எல்லோரும் ஒரே ஒருவரின் மேசைக்குத்தான் போவார்கள். அவர் பேரேட்டை இரண்டு முறை புரட்டிவிட்டு, "பதினேழாம் தேதி வவுச்சரை ரெண்டு தடவை ஏத்தியிருக்கீங்க, பாருங்க" என்பார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால், "இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு? பார்த்தாலே தெரியுதே" என்பார். தன்னடக்கம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அவர் உண்மையைத்தான் சொல்கிறார். அவருக்குப் பார்த்தாலே தெரிகிறது. மற்றவர்களுக்கு அப்படித் தெரிவதில்லை என்பதுதான் அவருக்குத் தெரியாது.

இயல்பான திறமையைக் கண்டுகொள்வது கடினமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். பாடுபட்டுக் கற்றதை நாம் மதிக்கிறோம். பட்ட பாடு நினைவில் இருக்கிறது. சிரமமில்லாமல் வந்ததற்கு அப்படி எந்தத் தழும்பும் இல்லை. 'என் பலம் எது?' என்று கண்ணை மூடி யோசித்தால், முட்டி மோதித் தேறிய விஷயங்களே முதலில் மனதில் வரும். தானாக வந்தது கணக்கிலேயே சேராது.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சாட்சி டெம்பிள் கிராண்டின். 1947இல் அமெரிக்காவில் பிறந்தவர். ஆட்டிசம் உள்ளவர், மூன்றரை வயது வரை பேச்சே வரவில்லை. பள்ளியில் அல்ஜீப்ரா அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அவருடைய எண்ணங்கள் சொற்களாக வருவதில்லை, முழுக்கப் படங்களாகவே வரும். உலகத்தில் எல்லோருமே அப்படித்தான் நினைக்கிறார்கள் என்று பெரியவரான பிறகும் நம்பிக்கொண்டிருந்தார். பிறகு, 'தேவாலயக் கோபுரம்' என்றால் உங்கள் மனதில் என்ன வருகிறது என்று பலரிடம் கேட்டுப் பார்த்தார். பெரும்பாலோர் பொதுவான ஏதோ ஒரு கோபுர வடிவத்தைச் சொன்னார்கள். அவருக்கோ தான் நேரில் பார்த்த ஒவ்வொரு கோபுரமும் தனித்தனிப் படமாக வரிசையில் வந்தது. தன்னிடம் இருப்பது பிறரிடம் இல்லை என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

அந்தத் திறமைக்கு இடம் கிடைத்தது மாட்டுத் தொழுவங்களில். அரிசோனாவில் அத்தையின் பண்ணைக்குப் போனதிலிருந்து அவருக்கு மாடுகளோடு பழக்கம். தடுப்பூசிக்காக ஓட்டிச் செல்லும் குறுகிய பாதையில் மாடுகள் ஏன் திடீரென்று நின்று மிரளுகின்றன என்று தொழிலாளிகளுக்குப் புரியாது. அடித்தும் கத்தியும் தள்ளுவார்கள். கிராண்டின் அந்தப் பாதைக்குள்ளேயே இறங்கி, மாட்டின் கண் உயரத்தில் கேமராவை வைத்துப் படம் எடுத்தார். தொங்கும் சங்கிலி, தரையில் விழும் நிழல், வேலியில் யாரோ போட்டுவிட்டுப் போன சட்டை, குட்டையில் மின்னும் வெளிச்சம் இவையெல்லாம் மாட்டை நிறுத்துகின்றன என்று கண்டார். படமாகவே நினைக்கிற ஒருவருக்குப் பட்டெனத் தெரிந்தது, அங்கேயே பல வருடம் வேலை செய்தவர்கள் கண்ணில் படவே இல்லை. பின்னாளில் வட அமெரிக்காவின் இறைச்சிக் கூடங்களில் ஏறக்குறைய பாதி மாடுகள் அவர் வடிவமைத்த அமைப்புகளின் வழியாகச் செல்லும் நிலை வந்தது. அதற்காக அவர் இயல்பை மட்டும் நம்பி இருந்துவிடவில்லை. கட்டட வரைபடம் போடுவதை, உடன் வேலை செய்த வரைவாளரைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். மனதில் எவ்வளவு தெளிவாகப் படம் ஓடினாலும், கொல்லருக்கும் தச்சருக்கும் தாளில் வரைந்து காட்டத் தெரிந்தால்தானே வேலை நடக்கும்.

அப்படியானால் நமக்குள் ஒளிந்திருப்பதை நாம் எப்படிப் பிடிப்பது? மற்றவர்கள் உங்களிடம் எதற்காக வருகிறார்கள் என்று பாருங்கள். சொந்தத்தில் இரண்டு குடும்பத்துக்குள் பேச்சு முறிந்தால், "நீங்க ஒரு வார்த்தை பேசிப் பாருங்களேன்" என்று யாரைத் தேடி வருகிறார்கள்? கல்யாண வீட்டில் முந்நூறு பேருக்கு எவ்வளவு அரிசி என்று யாரைக் கேட்கிறார்கள்? கேட்பவர்களுக்கு உங்களைப் பற்றி ஏற்கெனவே ஏதோ தெரிந்திருக்கிறது.

இன்னொரு அடையாளம் நம் எரிச்சல். இதை யாரும் நல்ல குணமாகச் சொல்வதில்லை, ஆனால் கவனிக்கத் தகுந்தது. 'இது கூடவா தெரியாது?' என்று எந்த விஷயத்தில் உங்களுக்குப் பொறுமை போகிறது? குழப்பமான கடிதத்தைப் படித்தால் கை தானாகத் திருத்தப் போகிறதா? ஒருவர் பொருள்களைத் தாறுமாறாக அடுக்குவதைப் பார்த்தால் தாங்கவில்லையா? அந்த இடத்தில் பிறர் காணாத ஒன்று உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது என்று அர்த்தம். எரிச்சலை விட்டுவிட்டு அந்தக் கண்ணை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பிடித்தது வேறு, வருவது வேறு. பாட்டு என்றால் உயிர், ஆனால் சுருதி நிற்காது என்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தாராளமாகப் பாடட்டும், அந்த மகிழ்ச்சிக்குக் குறைவில்லை. பிழைப்பை அதன்மேல் கட்டும் முன்தான் யோசிக்க வேண்டும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நிர்வாகவியல் அறிஞர் பீட்டர் டிரக்கர் 1999இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரையில் ஒரு வழி சொல்கிறார். முக்கியமான முடிவு எதை எடுத்தாலும், அதனால் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அதைத் தாளில் எழுதி வையுங்கள். 9 அல்லது 12 மாதம் கழித்து, நடந்ததோடு ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று வருடம் விடாமல் செய்தால், எதில் உங்கள் கணிப்பு பலிக்கிறது, எதில் சறுக்குகிறது என்பது உங்கள் கையெழுத்திலேயே தெரிந்துவிடும். டிரக்கர் தானும் இதைப் பல வருடம் செய்துவந்தார். பொறியாளர்கள், கணக்காளர்கள் போன்ற தொழில்நுட்பக்காரர்களை உள்ளூரப் புரிந்துகொள்ளும் திறன் தனக்கு இருக்கிறது என்பதை இப்படித்தான் கண்டதாகவும், அது தனக்கே ஆச்சரியமாக இருந்ததாகவும் எழுதுகிறார். மனிதர்களை ஆராய்வதே தொழிலாகக் கொண்டவருக்கே தன்னைப் பற்றித் தாளில் பார்த்துத்தான் தெரிந்திருக்கிறது. எனக்கு இந்த வழி பிடிப்பதற்குக் காரணம், இதற்கு ஒரு நோட்டும் பேனாவும் தவிர எதுவும் தேவையில்லை என்பது. திறமையை அறியக் காசு கட்டி எழுதும் தேர்வுகளும் இருக்கின்றன. அவை யோசிக்கத் தூண்டும், தீர்ப்பு சொல்லாது.

கண்டுகொண்ட பிறகு என்ன செய்வது? உடனே வேலையை விட வேண்டும் என்று நினைக்க வேண்டாம். வீட்டுக் கடனும் பிள்ளைகள் படிப்பும் இருக்கிற குடும்பத்துக்கு அந்த அறிவுரை கொடுமை. இருக்கிற வேலைக்குள்ளேயே பங்கை மாற்றலாம். வாடிக்கையாளரிடம் பேசுவது ஒருவருக்கு எளிது, அறிக்கை எழுதுவது இன்னொருவருக்கு எளிது என்றால், மேலாளரிடம் சொல்லி மாற்றிக்கொள்வதில் யாருக்கும் நஷ்டமில்லை. வீட்டிலும் இதே கதைதான். மனைவிக்குக் கணக்குவழக்கு கச்சிதம், கணவருக்குச் சமையலில் கைப்பக்குவம் என்றாலும், வங்கிக்குக் கணவர், அடுப்புக்கு மனைவி என்று வழக்கப்படியே ஓடுகின்ற குடும்பங்கள் எத்தனை!

வராததை அப்படியே விட்டுவிடலாமா என்று கேட்கலாம். கூடாது, காலை வாராத அளவுக்காவது தேற்றிவைக்க வேண்டும். இந்த இடத்தில் பலர் கணித மேதை ராமானுஜனை இழுப்பார்கள். கணிதம் தவிர மற்ற பாடங்களில் தோற்று, கும்பகோணம் கல்லூரியின் உதவித்தொகையை இழந்து, கல்லூரித் தேர்வும் தேறாதவர் உலகப் புகழ் பெற்றாரே என்பார்கள். 1912இல் அவர் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்தார் என்பதையும், அங்கே மேலதிகாரி நாராயண ஐயரும் துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவரை அடையாளம் கண்டு துணை நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட மேலதிகாரிகள் எல்லா எழுத்தருக்கும் கிடைப்பதில்லை. அதனால்தான் பிறரிடம் இருக்கும் திறமையைப் பார்த்துச் சொல்வதும் நம் வேலை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். "இது உனக்கு நல்லா வருது" என்று யாராவது சொல்லும்வரை பலருக்குத் தெரியவே தெரியாது.

இதை முதலில் சொல்லியாக வேண்டியவர்கள் பெற்றோர்கள். பத்தாம் வகுப்பு முடிந்து எந்தக் குரூப் எடுப்பது என்று வரும்போது மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்க்கிறோம். அறிவியலில் 90 வாங்கிய இரண்டு பிள்ளைகளில் ஒன்று இரண்டு டியூஷனுக்கு அலைந்து வாங்கியிருக்கும், மற்றொன்று பாடத்தை இரண்டு முறை படித்தே வாங்கியிருக்கும்; பட்டியலில் இருவரும் ஒன்றுதான். விண்ணப்பத்தை நிரப்பும் முன் பிள்ளையிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: எந்தப் பாடத்தை முதலில் எடுத்து முடிக்கிறாய், எதில் நேரம் போவதே தெரியவில்லை, எதை மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாய்? பிறகு வகுப்பாசிரியரிடமும் இதையே கேட்டு, இரண்டு பதிலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.