இணையத்தில் விவிலிய வசனக் குறிப்புகளைக் குறியிடல்

விவிலிய வசனக் குறிப்புகளைக் குறியிடல் என்பது, இணையப் பக்கத்தில் வரும் "யோவான் 3:16" போன்ற குறிப்பைச் சுற்றி எளிய எச்.டி.எம்.எல் குறிச்சொல் ஒன்றை இட்டு, அது எந்த நூலின் எந்த அதிகாரம், எந்த வசனம் என்பதைக் கணினிக்கும் தெரியும்படி செய்வதாகும். இதனால் வாசகர் காணும் எழுத்து மாறுவதில்லை. பக்கத்தின் மூலக்குறியீட்டில் மட்டும் ஒரு செய்தி கூடுதலாகச் சேர்கிறது. அச்செய்தியைக் கொண்டு வசனத்தைச் சிறு பெட்டியில் காட்டலாம். ஒரே வசனத்தை மேற்கோள் காட்டும் கட்டுரைகளைத் திரட்டலாம். பெரிய தளம் ஒன்றுக்கு வசன அகரவரிசையும் உருவாக்கலாம்.

வசனக் குறிப்பு என்னும் முகவரி

பெரும்பாலான நூல்களுக்குப் பக்க எண்ணைக் கொண்டு மேற்கோள் காட்டுவது வழக்கம். பதிப்பு மாறினால் பக்க எண்ணும் மாறிவிடும். விவிலியத்துக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. இன்று வழங்கும் அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. பின்னர் கேன்டர்பரி பேராயரான ஸ்டீபன் லாங்டன் அவற்றை வகுத்ததாகக் கூறுவர். புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண்கள், அச்சகர் ரொபேர் எத்தியேன் 1551-இல் வெளியிட்ட கிரேக்கப் பதிப்பில் இடம்பெற்றன. 1560-இல் வந்த ஜெனீவா விவிலியம், முழுவதும் வசன எண்களுடன் அச்சான முதல் ஆங்கில விவிலியமாகும்.

இவ்வாறு நூல், அதிகாரம், வசனம் என்ற மூன்றும் சேர்ந்து, மொழியையும் பதிப்பையும் கடந்த ஒரு முகவரியாயின. தமிழில் படிப்பவரும் ஜெர்மன் மொழியில் படிப்பவரும் "யோவான் 3:16" என்பதைக் கொண்டு ஒரே இடத்தை அடையலாம். குறியிடல் முறை இந்தப் பழைய முகவரியையே கணினிக்கும் எட்டச் செய்கிறது.

கணினி தடுமாறும் இடங்கள்

மனிதர் சூழலைக் கொண்டு எளிதில் புரிந்துகொள்வதைக் கணினியால் அவ்வளவு எளிதில் உறுதிசெய்ய முடிவதில்லை. தமிழில் இதற்குச் சில தனிக் காரணங்கள் உள்ளன.

1. இருவகைப் பெயர்கள்: சீர்திருத்தத் திருச்சபையினரிடையே வழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் ஆதியாகமம், யாத்திராகமம், சங்கீதம், அப்போஸ்தலருடைய நடபடிகள் எனப்படும் நூல்கள், 1995-இல் வெளியான திருவிவிலியத்தில் தொடக்கநூல், விடுதலைப் பயணம், திருப்பாடல்கள், திருத்தூதர் பணிகள் எனப்படுகின்றன. "சங்கீதம் 23:1" என்று தேடுபவருக்கு "திபா 23:1" என்று எழுதப்பட்ட பக்கம் கிடைக்காமல் போகலாம்.

2. நெருங்கிய சுருக்கங்கள்: திருவிவிலியச் சுருக்கங்களில் "திபா" என்பது திருப்பாடல்களையும் "திப" என்பது திருத்தூதர் பணிகளையும் குறிக்கும். ஒரு துணைக்கால் விடுபட்டால் நூலே மாறிவிடும்.

3. பொதுச் சொற்கள்: எண்ணிக்கை நூலின் சுருக்கம் "எண்". அது அன்றாட வழக்கில் எந்த எண்ணுக்கும் முன்னால் வரும் சொல். இசை நிகழ்ச்சி அறிவிப்பொன்றில் "சங்கீதம் 7:30" என்று இருந்தால், அது வசனமன்று, மாலை நேரம்.

4. முன்னெண்: "1 யோவான் 4:8" கடவுள் அன்பாய் இருக்கிறார் என்று கூறும் இடம். முன்னிருக்கும் 1 விடுபட்டு "யோவான் 4:8" ஆனால், சீடர்கள் உணவு வாங்க ஊருக்குள் சென்றிருந்தார்கள் என்ற செய்தி வந்து நிற்கும். இரண்டுமே உண்மையில் உள்ள வசனங்கள் என்பதால் கணினி இதைப் பிழையெனக் கண்டுகொள்ளாது.

5. வேற்றுமை உருபுகள்: "லூக்காவின் 15-ஆம் அதிகாரத்தில்", "மத்தேயு ஐந்தாம் அதிகாரம் மூன்றாம் வசனம்" என்றெல்லாம் தமிழில் இயல்பாக எழுதுவர். நூற்பெயரையும் முக்காற்புள்ளியையும் மட்டும் தேடும் நிரலுக்கு இவை அகப்படா.

6. ஒரே அதிகாரம் கொண்ட நூல்கள்: ஒபதியா, பிலமோன், 2 யோவான், 3 யோவான், யூதா ஆகியவற்றுக்கு ஒரே அதிகாரம்தான் உண்டு. எனவே "யூதா 5" என்பது ஐந்தாம் அதிகாரத்தைக் குறிக்காது, ஐந்தாம் வசனத்தையே குறிக்கும்.

எளிய குறியிடும் முறை

2000-களில் இணையத்தில் "மைக்ரோஃபார்மட்" எனப்படும் நுண்வடிவங்கள் பரவின. புதிய மொழி எதையும் உருவாக்காமல், எச்.டி.எம்.எல்-இல் ஏற்கெனவே உள்ள உறுப்புகளையும் பண்புகளையும் கொண்டே முகவரி, நிகழ்ச்சி நாள் போன்றவற்றைக் குறிப்பது அவற்றின் வழி. அதே போக்கில் விவிலியத்துக்கென "பைபிள்ரெஃப்" என்ற வகுப்புப் பெயரைப் பயன்படுத்தும் முறை முன்வைக்கப்பட்டது. அதன் அமைப்பைத் தமிழ் எழுத்தில் இப்படிக் காட்டலாம் (உண்மைப் பக்கத்தில் குறிச்சொற்கள் உரோமன் எழுத்துகளில் அமையும்):

<சைட் கிளாஸ்="பைபிள்ரெஃப்" டைட்டில்="லூக்கா 15:11-32">ஊதாரி மகன் உவமை</சைட்>

இதில் மூன்று கூறுகள் உள்ளன. "சைட்" என்னும் உறுப்பு, இது ஒரு மேற்கோள் எனத் தெரிவிக்கிறது. "கிளாஸ்" என்னும் பண்பு, இது விவிலியம் சார்ந்தது என்கிறது. "டைட்டில்" என்னும் பண்பு முழு முகவரியைத் தருகிறது. வாசகர் காண்பது "ஊதாரி மகன் உவமை" என்ற சொற்களை மட்டுமே.

எண்ணே இல்லாத சொற்றொடருக்கும் முகவரி தர முடிவது இம்முறையின் பெரும் பயன். "மலைப்பொழிவு" என்ற சொல்லுக்குப் பின்னால் மத்தேயு 5 முதல் 7 வரையுள்ள அதிகாரங்களை வைக்கலாம். தொடர்ந்து வரும் பத்தியில் "வ. 9" என்று மட்டும் இருந்தாலும், குறிச்சொல்லுக்குள் "மத்தேயு 5:9" என்று முழுமையாக எழுதலாம். எந்த இடத்தைச் சொல்கிறோம் என்பது எழுதும்போது எழுதுபவருக்குத் தெரியும். அதை அப்போதே பதிந்து வைக்கச் சில நொடிகள் போதும். பல ஆண்டுகள் கழித்து இன்னொருவரோ ஒரு நிரலோ ஊகித்து அறிவது கடினம்.

பண்பைத் தேர்ந்தெடுத்தல்

எச்.டி.எம்.எல் 4-இல் "சைட்" உறுப்பு பொதுவாக மேற்கோளுக்கு உரியதாக இருந்தது. இன்றைய விதிப்படி அது ஒரு படைப்பின் பெயரைக் குறிக்கவே உரியது. ஆகவே வசனக் குறிப்புக்குத் தனிப்பொருள் இல்லாத "ஸ்பேன்" உறுப்பையோ, இணைப்பு இருந்தால் இணைப்பு உறுப்பையோ பயன்படுத்துவது பொருத்தம்.

"டைட்டில்" பண்பிலும் ஒரு குறை உண்டு. சுட்டியை மேலே வைத்தால் தோன்றும் அந்தக் குறிப்பு, தொடுதிரைக் கைப்பேசிகளில் பொதுவாகத் தோன்றுவதில்லை. சில திரைவாசிப்பான்கள் அதை உரக்கப் படிக்கும். அப்போது பார்வையற்ற வாசகர் தொடர்பில்லாத எண்களைக் கேட்க நேரிடும். எச்.டி.எம்.எல் 5-இல் வந்த "டேட்டா-" என்று தொடங்கும் பண்புகள் இதற்குத் தீர்வாகின்றன. அவை நிரல்களுக்கு மட்டும் உரியவை. வாசகருக்கு இடையூறு தருவதில்லை.

இணைப்பும் குறியீடும்

பலரும் வசனக் குறிப்புக்கு விவிலியத் தளம் ஒன்றின் இணைப்பைக் கொடுப்பதோடு நிறுத்திவிடுகின்றனர். இணைப்பு, குறிப்பிட்ட தளத்தில் குறிப்பிட்ட மொழிபெயர்ப்பு எங்கே இருக்கிறது என்பதைச் சொல்கிறது. அத்தளம் முகவரி அமைப்பை மாற்றினால் எல்லா இணைப்புகளும் அறுந்துபோகும். குறியீடோ வசனம் எது என்பதைச் சொல்கிறது. அது பக்கத்தில் இருந்தால் புதிய தளத்துக்கான இணைப்புகளை நிரலே மீண்டும் உருவாக்கிவிடும். வாசகர் விரும்பும் மொழிபெயர்ப்பையும் காட்ட முடியும். விக்கித் தளங்களில் இதே வேலையை வார்ப்புருக்கள் செய்கின்றன. வார்ப்புருவில் தளத்தின் முகவரியை ஓரிடத்தில் மாற்றினால் எல்லாக் கட்டுரைகளிலும் மாறிவிடும்.

குறியிடாமலே பக்கத்தை அலசி வசனக் குறிப்புகளைக் கண்டுபிடிக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களும் உள்ளன. ரெஃப்டேக்கர் அவற்றுள் பரவலாக அறியப்பட்டது. இத்தகைய நிரல்கள் பழைய பக்கங்களுக்குப் பேருதவி. எனினும் அவை காண்பது எழுத்தின் வடிவத்தை மட்டுமே. வசன எண்ணிக்கையைச் சரிபார்த்தால் சில பிழைகள் தாமே விலகும்: ஏழாம் சங்கீதத்துக்கு 17 வசனங்களே உள்ளதால் "7:30" வசனமாக இருக்க முடியாது. ஆனால் விடுபட்ட முன்னெண்ணையோ "திப", "திபா" குழப்பத்தையோ அதனால் எப்போதும் பிடித்துவிட முடியாது.

எண்முறை வேறுபாடுகள்

வசன எண்களும் எல்லாப் பதிப்புகளிலும் ஒன்றல்ல. பின்வருவன அடிக்கடி குழப்பம் தருபவை:

- எபிரேயப் பாடத்தின் 9, 10 ஆகிய திருப்பாடல்கள் எழுபதின்மர் பெயர்ப்பிலும் வுல்காத்தாவிலும் ஒன்றாக உள்ளன. அதனால் "ஆண்டவரே என் ஆயர்" என்னும் கருத்துள்ள 23-ஆம் திருப்பாடல், அவற்றில் 22-ஆம் திருப்பாடலாகும்.
- எபிரேயப் பதிப்புகளில் 51-ஆம் திருப்பாடலின் தலைப்பே முதல் இரு வசனங்களாக எண்ணப்படுகிறது. ஆங்கிலப் பதிப்புகளின் 51:1 அங்கே 51:3 ஆகிறது.
- யோவேல் நூலுக்கு எபிரேயத்தில் 4 அதிகாரங்கள், ஆங்கில மரபில் 3. மலாக்கி நூலுக்கு எபிரேயத்தில் 3, ஆங்கில மரபில் 4.
- தானியேல் 3-ஆம் அதிகாரத்தின் நடுவே மூன்று இளைஞரின் பாடலைச் சேர்க்கும் கத்தோலிக்கப் பதிப்புகளில், மற்றப் பதிப்புகளின் 3:24 என்பது 3:91 ஆகிறது.

ஆகவே பிறமொழிப் பதிப்புகளையும் கையாளும் தளங்களில், நூல், அதிகாரம், வசனம் ஆகியவற்றோடு எந்த எண்முறை என்பதையும் குறிப்பது நல்லது.

தரநிலைக் குறியீடுகள்

குறிச்சொல்லுக்குள் நூற்பெயரை ஒரே வடிவில் எழுதினால்தான் குறியிடலின் பயன் முழுமையாகக் கிடைக்கும். இதற்கென இரண்டு தரநிலைகள் பரவலாக உள்ளன. அமெரிக்க விவிலியச் சங்கமும் விவிலிய இலக்கியச் சங்கமும் ஆதரித்து உருவான "ஓசிஸ்" என்னும் எக்ஸ்.எம்.எல் தரநிலை, நூல், அதிகாரம், வசனம் ஆகியவற்றைப் புள்ளியிட்டுப் பிரிக்கிறது. எண்முறையையும் பதிப்பையும் முன்னொட்டாகச் சேர்க்க அதில் இடமுண்டு. மொழிபெயர்ப்பாளர்கள் பயன்படுத்தும் "யு.எஸ்.எஃப்.எம்" முறையில் ஒவ்வொரு நூலுக்கும் மூன்றெழுத்துக் குறியீடு உண்டு: தொடக்கநூலுக்கு "ஜி.இ.என்", திருப்பாடல்களுக்கு "பி.எஸ்.ஏ", யோவானுக்கு "ஜே.எச்.என்".

இவற்றில் ஒன்றைத் தேர்ந்து தளம் முழுவதும் மாறாமல் பயன்படுத்தினால், கண்ணுக்குத் தெரியும் பெயர் ஆதியாகமமாக இருந்தாலும் தொடக்கநூலாக இருந்தாலும் இரண்டும் ஒரே முகவரியில் சேரும். இரு மரபினரும் தத்தம் பெயர்களைக் கைவிட வேண்டியதில்லை.

வரம்புகள்

குறியிடல் வசனத்தின் இடத்தை மட்டுமே சொல்லும். அதன் பொருளையோ, அதை எடுத்தாண்ட விதம் சரியா என்பதையோ சொல்லாது. தவறாக இட்ட குறியீடு வாசகரின் கண்ணில் படாமல் நெடுநாள் தங்கிவிடவும் கூடும். ஆகையால் கட்டுரையை மெய்ப்புப் பார்க்கும்போது குறிச்சொல்லுக்குள் இருக்கும் முகவரியையும் விவிலியத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.