நோர்போக் தீவுப் பைன்

நோர்போக் தீவுப் பைன் என்பது அரோகேரியேசியே குடும்பத்தைச் சேர்ந்த பசுமைமாறா ஊசியிலை மரமாகும். இதன் அறிவியல் பெயர் அரோகேரியா எட்டெரோபில்லா. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, தென் பசிபிக் பெருங்கடலில் உள்ள நோர்போக் தீவு இதன் தாயகம். அடுக்கடுக்கான கிளைகளும் சமச்சீரான கூம்பு வடிவமும் கொண்டுள்ளதால், உறைபனி அதிகம் இல்லாத பல நாடுகளில் வீட்டுத் தோட்டங்களில் அழகுக்காக வளர்க்கப்படுகின்றது. தமிழ்நாட்டில் இவ்வகை மரங்கள் பெரும்பாலும் "கிறிஸ்துமஸ் மரம்" என்ற பெயரிலேயே அறியப்படுகின்றன. தொட்டியில் ஒரு முழ உயரத்தில் விற்கப்படும் இச்செடி, தாயகத்தில் 50 மீட்டருக்கும் மேல் உயரக்கூடிய மரத்தின் இளம்பருவம் ஆகும். எனவே நடும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதே இதன் வளர்ப்பில் முதன்மையானது.

பெயர்

பைன் என்று அழைக்கப்பட்டாலும் இது உண்மையான பைன் மரம் அன்று. பைன்கள் பைனேசியே என்னும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. அரோகேரியா என்ற பேரினப் பெயர் சிலி நாட்டிலுள்ள அரௌக்கோ என்னும் பகுதியின் பெயரிலிருந்து வந்தது. எட்டெரோபில்லா என்பது "வேறுபட்ட இலைகள் உடையது" எனப் பொருள்படும். இளம் மரத்தின் இலைகளும் முதிர்ந்த மரத்தின் இலைகளும் வெவ்வேறு வடிவில் இருப்பதை இப்பெயர் குறிக்கின்றது.

தோற்றம்

இம்மரம் நேரான ஒற்றைத் தண்டு கொண்டது. தண்டின் ஒரே மட்டத்திலிருந்து நான்கு முதல் ஏழு வரையான கிளைகள் சுற்றிலும் கிளம்புகின்றன. மேலிருந்து பார்க்கும்போது இவ்வடுக்கு விண்மீன் போலத் தோன்றும். இளம் மரத்தின் இலைகள் மென்மையாகவும் ஊசி போன்றும் இருக்கும். முதிர்ந்த மரத்தின் இலைகள் செதில் போன்று உள்நோக்கி வளைந்து, கிளையை நெருக்கமாக மூடியிருக்கும். பெண் கூம்புகள் ஏறத்தாழ உருண்டை வடிவானவை. 10 முதல் 12 செ.மீ. வரை நீளமுள்ளவை. இவை முதிர ஒன்றரை ஆண்டு வரை ஆகும். முதிர்ந்த பின் மரத்திலேயே உதிர்ந்து விதைகளைப் பரப்புகின்றன.

வரலாறு

1774ஆம் ஆண்டு அக்டோபரில், தமது இரண்டாம் கடற்பயணத்தின்போது ஜேம்ஸ் குக் நோர்போக் தீவை அடைந்தார். பாய்மரக் கப்பல்களுக்கு நீண்ட, நேரான மரங்கள் பெரிதும் தேவைப்பட்ட காலம் அது. தீவில் உயர்ந்து நின்ற இம்மரங்கள் பாய்மரத் தண்டுக்கு உகந்தவை என்று அவர் கருதினார். 1788ஆம் ஆண்டில் பிரித்தானியர் இத்தீவில் குடியேறியதற்கு இம்மரமும் ஒரு காரணம். ஆனால், பாய்மரத் தண்டுக்கு வேண்டிய வலிமையும் வளையும் தன்மையும் இதன் கட்டைக்கு இல்லை என்பது பின்னர் தெரியவந்தது. இன்று நோர்போக் தீவின் கொடியின் நடுவில் இம்மரத்தின் உருவம் இடம்பெற்றுள்ளது.

குக் பைனுடன் குழப்பம்

நோர்போக் தீவுப் பைன் என்ற பெயரில் விற்கப்படும் செடிகளில் பல, உண்மையில் நியூ கலிடோனியாவைத் தாயகமாகக் கொண்ட குக் பைன் ஆகும். இதன் அறிவியல் பெயர் அரோகேரியா காலம்னாரிஸ். சிறு செடிகளாக இருக்கும்போது இரண்டையும் பிரித்தறிவது கடினம். வளர்ந்த பின் நோர்போக் தீவுப் பைன் அகன்ற கூம்பாகவும், குக் பைன் குறுகிய தூண் போலவும் காணப்படும். குக் பைனின் தண்டு பெரும்பாலும் சாய்ந்து வளரும். இம்மரங்கள் உலகின் எப்பகுதியில் வளர்ந்தாலும் நிலநடுக்கோட்டை நோக்கியே சாய்கின்றன என்று 2017ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று தெரிவித்தது. எனவே, வாங்கிய செடி எந்த இனம் என்று உறுதியாகத் தெரியாதபோது, சாய்வதற்கும் இடம் விட்டு நடுவது நல்லது.

வீட்டுத் தோட்டத்தில் வளர்ப்பு

இடம்: வீட்டுச் சுவர், மின்கம்பி, கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றிலிருந்து பல மீட்டர் தள்ளி நடவேண்டும். சுவரை ஒட்டி நட்டால் அப்பக்கக் கிளைகள் வளர இடமின்றி மரத்தின் சமச்சீர் கெடும். புயற்காற்றில் உயர்ந்த மரம் முறியும் அபாயமும் உண்டு. சிறிய மனைகளில் தரையில் நடுவதை விடத் தொட்டியில் வளர்ப்பதே ஏற்றது. தொட்டியில் வேர்கள் கட்டுப்படுவதால் வளர்ச்சி மெதுவாகும்.

மண்ணும் நீரும்: நீர் தேங்காத, மணற்பாங்கான மண் ஏற்றது. தொட்டிக்குச் செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் ஆகியவற்றைக் கலந்து பயன்படுத்தலாம். மேல்மண் காயத் தொடங்கியதும் நீர் ஊற்றவேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகும். மண் முழுவதும் காய்ந்தால் கீழ்க்கிளைகள் பழுப்பாகி உதிரும்.

ஒளி: நல்ல ஒளி தேவை. வீட்டினுள் வைக்கப்படும் செடியைச் சன்னல் அருகில் வைத்து, அவ்வப்போது சிறிது திருப்பிவிட வேண்டும். இல்லையெனில் ஒளி வரும் பக்கம் சாய்ந்து வளரும். நிழலில் வளர்ந்த செடியைத் திடீரென்று கடும் வெயிலில் வைத்தால் இலைகள் கருகும். ஆகவே படிப்படியாகவே வெயிலுக்குப் பழக்கவேண்டும்.

கத்தரித்தல்: இம்மரத்தின் வடிவம் உச்சியிலுள்ள ஒற்றை நுனிக்குருத்தைச் சார்ந்தது. உயரத்தைக் குறைக்க எண்ணி அதை வெட்டினால் கூம்பு வடிவம் கெடும். கீழே பல குருத்துகள் போட்டியிட்டு எழலாம். உதிர்ந்த கீழ்க்கிளைகளின் இடத்தில் புதிய அடுக்கு தோன்றுவதில்லை. எனவே, காய்ந்த கிளைகளை நீக்குவது தவிர வேறு கத்தரிப்புத் தேவையில்லை.

இனப்பெருக்கம்

விதை மூலம் பெருக்குவதே வழக்கம். விதைகள் முளைக்கும் திறனை விரைவில் இழப்பதால் புதிய விதைகளையே விதைக்கவேண்டும். பக்கக் கிளையை வெட்டி நட்டால் வேர் பிடித்தாலும் அது நிமிர்ந்து வளராது. கிளையாகவே கிடைமட்டமாக வளரும். நேரான மரமாக வளர்வதற்குத் தண்டின் நுனியே வேண்டும். ஆனால் அதை எடுத்தால் தாய்மரத்தின் வடிவம் கெடும்.

கடற்காற்றும் கழிவுநீரும்

உப்புக்காற்றைத் தாங்கும் தன்மையால் ஆஸ்திரேலியக் கடற்கரைகளில் இம்மரம் பெருமளவில் நடப்பட்டது. 1960களிலும் 1970களிலும் சிட்னி கடற்கரையில் இம்மரங்கள் பல நலிந்தன. கடலில் விடப்பட்ட கழிவுநீரிலிருந்த சலவைப் பொருள்கள் இதற்குக் காரணம் என்று கண்டறியப்பட்டது. அலைத்துளிகளோடு வந்த இப்பொருள்கள் இலைகளின் மெழுகுப் படலத்தைப் பாதித்ததால், வெளியிலேயே தங்கவேண்டிய உப்பு இலைக்குள் புகுந்தது.

காப்பு நிலை

உலகின் பல நாடுகளில் தோட்டங்களில் காணப்பட்டாலும், இயற்கையாக இம்மரம் வளர்வது நோர்போக் தீவிலும் அதை ஒட்டிய சிறு தீவுகளிலும் மட்டுமே. இத்தீவின் பரப்பளவு சுமார் 35 சதுர கி.மீ. குடியேற்றத்திற்குப் பின் காடுகள் பெருமளவில் அழிக்கப்பட்டன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை அழிவாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தியுள்ளது. எஞ்சிய காட்டின் ஒரு பகுதி நோர்போக் தீவு தேசியப் பூங்காவில் பாதுகாக்கப்படுகின்றது.