வட்டத்தில் வாழும் ஊர்கள்
புலம்பெயர்ந்த பண்பாடுகள் – 9

நாடிழந்த மக்கள் தம் பண்பாட்டை எதில் ஏற்றிக்கொண்டு புறப்படுகிறார்கள் என்ற கேள்விக்கு ஆர்மீனியரின் வரலாறு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைத் தருகிறது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பாரசீகத்தின் புது ஜுல்ஃபா நகரிலிருந்து ஆசியத் துறைமுகங்களுக்குப் பரவிய ஆர்மீனிய வணிகர்கள் பொருளும் எழுத்தறிவும் உடையவர்களாகக் கிளம்பியவர்கள். அதனால் அவர்கள் தங்கிய இடங்களில் தேவாலயமும் அச்சுக்கூடமும் எழுந்தன. சென்னை ஆர்மீனியன் தெருவில் 1772இல் கட்டப்பட்ட தேவாலயமும், பாதிரியார் ஹருத்யுன் ஷ்மாவோன்யான் 1794இல் அதே நகரிலிருந்து வெளியிட்ட, உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தாரா’ரும் அந்தப் பெயர்வின் சான்றுகள். 1915இல் தொடங்கிய இனப்படுகொலைக்குத் தப்பிச் சிதறியவர்களின் நிலை வேறு. மேற்கு ஆர்மீனியா எனப்பட்ட, உதுமானியப் பேரரசின் கிழக்கு மாகாணங்களில் உழுதும் நெய்தும் ஆடு மேய்த்தும் வாழ்ந்த கிராமத்தவர்கள் அவர்களில் பெரும் பங்கினர். பாலைவன நடையிலும் அனாதை இல்லங்களிலும் நூலோ அணியோ உடையோ எஞ்சாமல் போனபோதும், ஊரில் கற்ற அடவுகள் மட்டும் அவர்களின் கால்களில் மிஞ்சியிருந்தன. அந்த அடவுகள் அமெரிக்க ஐக்கிய நாட்டின் தொழில் நகரங்களில் எவ்வாறு உயிர் பிழைத்தன, எங்கே மாறின, எங்கே மறைந்தன என்பதே இப்பகுதியின் பொருள்.

ஆர்மீனிய ஊர்நடனத்தின் அடிப்படை வடிவம் ‘ஷுர்ச்பார்’, அதாவது வட்ட நடனம். ஆடுவோர் கைகோத்தோ, தோள்மேல் தோள் பற்றியோ, சுண்டுவிரலோடு சுண்டுவிரல் பிணைத்தோ வளைந்த வரிசையாக நிற்பார்கள். வரிசையின் தலையில் நிற்பவர் கைக்குட்டையைச் சுழற்றி அடவு மாறும் தருணத்தைக் குறிப்பார். புதிதாக வருபவர் வால் முனையில் சேர்ந்து அடுத்தவரின் காலைப் பார்த்துக் கற்பார். ‘இரண்டு போதல், ஒன்று திரும்பல்’ என்னும் பொருளில் பெயர் வழங்கும் ஒரு பழைய வகையில் வரிசை வலப்புறமாக இருமுறை நகர்ந்து இடப்புறமாக ஒருமுறை மீள்வதால், ஆட்டம் முடிவதற்குள் வட்டம் மெல்ல வலஞ்செல்லும். திறந்த வெளியில் இதற்கு இசை தருபவை சூர்னாவும் ‘தோல்’ என்னும் கருவியும்: முன்னது சீவாளி வைத்து ஊதப்படும், நெடுந்தொலைவு கேட்கும் மரக்குழல், பின்னது இருபுறமும் தோல் போர்த்த பெருமுரசு. கருவி கிடைக்காதபோது ஆடுவோரே பாடுவார்கள். ஒரு பாதி வரிசை பாட மறுபாதி அதைத் திருப்பிப் பாடும் வழக்கமும் உண்டு. பார்வையாளருக்கென்று தனி இடம் இந்த வடிவத்தில் வகுக்கப்படவில்லை என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். பின்னர் எழுந்த பல சிக்கல்களுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

இந்த நடனங்கள் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபட்டவை. வான் ஏரியைச் சூழ்ந்த வாஸ்புரக்கானின் ஆட்டம் ஒரு வகை. மூஷ் சமவெளியின் ஆட்டம் இன்னொரு வகை. சாசூன் மலையவரின் ‘யார்குஷ்தா’ எதிரெதிரே நின்ற ஆடவர் முன்பாய்ந்து உள்ளங்கைகளை ஓங்கி அறையும் போர் நடனம். ‘தம்சரா’ ஒன்பது எண்ணிக்கைத் தாளத்தில், அதன் ஓர் அங்கம் மட்டும் நீண்டு நிற்பதால் கால் ஒரு நொடி காத்திருக்க வேண்டிய நடனம். ஒருவர் முழங்காலை எவ்வளவு மடக்குகிறார், எந்த எண்ணிக்கையில் குதிகாலை ஊன்றுகிறார் என்பதைக் கண்டே அவர் எந்த ஊர்க்காரர் என்று முதியவர்கள் சொல்லிவிடும் அளவுக்கு இந்த வேறுபாடு நுண்மையானது. ஆகவே 1915இல் ஒரு கிராமம் அழிந்தபோது வீடுகளோடும் வழிபாட்டு இடங்களோடும் ஓர் உடல்மொழியின் வட்டார வழக்கும் அழிவின் விளிம்புக்கு வந்தது.

அதை ஏட்டில் பதிக்கும் முயற்சி முற்றிலும் இல்லாமலில்லை. கூத்தாஹியாவில் 1869இல் பிறந்த பாதிரியாரும் இசையறிஞருமான கொமித்தாஸ், கிராமம் கிராமமாகச் சென்று நாட்டுப்பாடல்களைத் திரட்டியபோது நடனப் பாடல்களையும் குறித்துக்கொண்டார். 1915 ஏப்ரல் 24 அன்று கான்ஸ்டாண்டினோபிளில் கைது செய்யப்பட்ட ஆர்மீனிய அறிவாளர்களில் அவரும் ஒருவர். உயிரோடு மீண்டாலும் மனம் சிதைந்த நிலையில் பல ஆண்டுகள் கழித்து 1935இல் பாரிஸில் இறந்தார். அவருக்குப் பின் இத்துறையை ஓர் அறிவியலாக நிறுவியவர் ஸ்ர்புஹி லிஸித்சியான் (1893–1979). உடலசைவை எழுத்தாகக் குறிக்கும் முறையொன்றை வகுத்த அவர், சோவியத் ஆர்மீனியாவில் குடியேறியிருந்த மேற்கு ஆர்மீனிய அகதிகளிடமிருந்தும் நடனங்களைப் பதிவுசெய்து, ஆர்மீனியரின் பண்டை நடனங்களையும் நாடக நிகழ்வுகளையும் பற்றிய பெருநூலின் இரு தொகுதிகளை 1958இலும் 1972இலும் வெளியிட்டார். ஆயினும் அவருடைய பணி எட்டக்கூடிய எல்லைக்கு அப்பால், கடல் கடந்து போனவர்களின் கால்களில் இருந்தவை எவராலும் எழுதப்படாமலே இருந்தன.

அமெரிக்காவுக்கு ஆர்மீனியர் போனது படுகொலைக்கு முன்பே தொடங்கிவிட்டது. மேற்கு ஆர்மீனியாவின் கார்பெர்த் சமவெளி இளைஞர்கள் 1890களிலேயே நியூ இங்கிலாந்து ஆலைகளில் வேலை தேடி வந்தார்கள். நாட்டின் முதல் ஆர்மீனியத் தேவாலயம் 1891இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் திறக்கப்பட்டது. பாஸ்டனை ஒட்டிய வாட்டர்டவுனில் ஹூட் ரப்பர் ஆலை ஏராளமான ஆர்மீனியருக்கு வேலை தந்ததால் அவ்வூர் மேற்கு ஆர்மீனியரின் ஒரு தலைநகர் போலவே ஆயிற்று. கலிபோர்னியாவில் ஃபிரஸ்னோவின் திராட்சைத் தோட்டங்கள் இன்னொரு கூட்டத்தை ஈர்த்தன. 1915க்குப் பின் உறவினரைத் தேடி வந்த எஞ்சியோரின் வரவும், 1924ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தால் ஏறத்தாழ அடைபட்டுவிட்டது.

இவர்கள் தங்கள் நடனத்தைக் காப்பதற்கென்று எந்தத் திட்டமும் வகுக்கவில்லை. ஒவ்வோர் ஊரிலிருந்தும் வந்தவர்கள் சொந்த ஊர்ச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். அச்சங்கங்கள் கோடை ஞாயிறுகளில் பூங்காக்களிலும் பண்ணைகளிலும் ‘பிக்னிக்’ நடத்தின. கம்பியில் கோத்துச் சுட்ட ஆட்டிறைச்சியும் பிலாஃப் சோறும் உண்டபின் ஊராரெல்லாம் வரிசையில் இறங்கினார்கள். அங்கு திரண்ட பணத்தில் ஒரு பங்கு சோவியத் ஆர்மீனியாவில் அகதிகளுக்கான குடியிருப்புகளை எழுப்பப் பயன்பட்டது. யெரெவானிலும் அதன் சுற்றுப்புறத்திலும் புது மலாத்தியா, புது செபாஸ்தியா, புது கார்பெர்த் என்று இழந்த ஊர்களின் பெயர் தாங்கி நிற்கும் பகுதிகள் அந்த உழைப்பின் பயன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், அழிந்த ஊரின் அடவைக் குழந்தைக்குக் கற்பித்துக்கொண்டே, அந்த ஊரின் பெயரில் புதிய வீடுகளுக்கும் செங்கல் சேர்த்தது என்பது பண்பாட்டுப் பாதுகாப்பின் வரலாற்றில் போற்றத்தக்க நிகழ்வு.

அதே வேளையில் மாற்றமும் தொடங்கியது. ஊர்ச் சங்கங்களின் தலைமுறை முதுமை எய்த, தேவாலய மண்டபங்களிலும் இளைஞர் அமைப்புகளின் கூட்டங்களிலும் பல வட்டாரத்துப் பிள்ளைகள் ஒரே வரிசையில் நின்றார்கள். 1933இல் தொடங்கிய ஆர்மீனிய இளைஞர் கூட்டமைப்பு அடுத்த ஆண்டு முதல் நடத்திவரும் விளையாட்டு விழாவின் இரவுகள், பகல் போட்டிகளுக்கு இணையாக நடனத்துக்கும் பேர்பெற்றவை. இத்தகைய கூடல்களில் கார்பெர்த் அடவும் செபாஸ்தியா அடவும் கலந்தன. எவருக்கும் எளிதில் வசப்படுபவை நிலைத்தன, கடினமானவை உதிர்ந்தன. மண்டபத்துக்குள் சூர்னாவின் உரத்த ஒலி பொருந்தாமல், ஊத் என்னும் நரம்புக்கருவியும் கிளாரினெட்டும் தும்பெக் என்னும் கைமுரசும் அதன் இடத்தைப் பிடித்தன. ‘கெஃப்’, அதாவது கூடிக் களித்தல் என்ற பெயரால் அறியப்படும் இந்த இசைமரபும் அதற்கேற்ற வரிசை நடனங்களும் ஆர்மீனிய மலைநாட்டில் இருந்தவற்றின் நேர்ப்படி அல்ல. ‘மிச்சிகன் ஹாப்’ என்னும் நடனத்தின் பெயரே அது எந்த மண்ணில் பிறந்தது என்பதைச் சொல்லிவிடும். இவற்றைக் கலப்படம் என்று தள்ளுவோர் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள்: ஆர்மீனிய மொழியைப் பேச இயலாத மூன்றாம் தலைமுறையினரைச் சமூகத்தின் வட்டத்துக்குள் நிறுத்திவைத்தவற்றில் இந்த நடனங்களுக்கு முதன்மையான இடம் உண்டு. அந்த வகையில் மிச்சிகன் ஹாப்பும் தம்சராவைப் போலவே பாதுகாக்கத்தக்க மரபு.

மேடை வேறொரு வழியாக வந்தது. மாஸ்கோவில் 1937இல் இகோர் மொய்சேயெவ் தொடங்கிய குழு, நாட்டு நடனத்தைப் பாலே பயிற்சியோடு இணைத்து ஒரே சீரான அசைவும் வேகமும் கொண்ட காட்சியாக ஆக்கியது. அம்முறை சோவியத் குடியரசுகள் அனைத்துக்கும் முன்மாதிரியாயிற்று. யெரெவானில் 1938இல் தத்துல் அல்துன்யான் நிறுவிய பாடல்-நடனக் குழுவும், 1958இல் உருவான அரசு நடனக் குழுவும் இந்த வழியில் வளர்ந்தன. வெளிநாட்டு ஆர்மீனியரோடு பண்பாட்டு உறவு பேணுவதற்கென்று 1964இல் சோவியத் ஆர்மீனியா ஒரு குழுவை அமைத்தபின், இந்த மேடைப்பாணி பெய்ரூட்டுக்கும் பாஸ்டனுக்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் எளிதில் சென்றது. 1928இல் கெய்ரோவில் தோன்றிய ஹமஸ்கயின் பண்பாட்டுச் சங்கத்தின் கிளைகள் இளையோர் நடனக் குழுக்களை வளர்த்தன. பாஸ்டன் பகுதியில் 1986இல் தொடங்கிய சயாத் நோவா நடனக் குழு போன்றவை தலைமுறைகளைப் பயிற்றுவித்தன.

இக்குழுக்களின் தொண்டைக் குறைத்து மதிப்பிடுவது நீதியாகாது. வாரந்தோறும் ஒத்திகைக்கு வரும் சிறுவர் சிறுமியர் அங்கே நட்பும் பாட்டும் வரலாறும் பெறுகிறார்கள். ஆனாலும் மேடை எதை முதன்மையாகக் கொள்கிறது என்பதைக் கேட்டாக வேண்டும். நீண்ட சட்டைக்கைகளோடு தரையில் மிதப்பது போல் நகரும் பெண்கள் வரிசையும், முழங்காலில் சுழலும் ஆடவரும் காணக் கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் அந்த அசைவுமொழியில் காக்கசியப் பகுதியின் சாயலே மிகுதி, கார்பெர்த் கிழவியின் நடையை அங்கே காண்பது அரிது. 1975இல் மூண்ட லெபனான் உள்நாட்டுப் போரும் 1979ஆம் ஆண்டின் ஈரானியப் புரட்சியும், பின்னர் சோவியத் ஒன்றியத்தின் சரிவும் புதிய ஆர்மீனியரைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுவந்தபோது, பழைய குடியேறிகளின் கெஃப் நடனம் புதியவர் சிலருக்குத் துருக்கியச் சாயல் கொண்டதாகத் தோன்றியது. தங்கள் பாட்டன்மார் மேற்கு ஆர்மீனியாவிலிருந்தே கொண்டுவந்தது அதுதான் என்பது பழையவர்களின் விடை. மேடை வடிவமே ‘உண்மை’ ஆர்மீனிய நடனம் என்ற எண்ணம் பரவியதால், வீட்டிலேயே உயிரோடிருந்த முதியவர்களின் அடவுகள் கேட்பாரற்றுப் போயின. புலம்பெயர்ந்த சமூகம் தனக்குத்தானே இழைத்துக்கொண்ட பெருங்குறை இதுவே என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

அந்தக் குறையை உணர்ந்து செயல்பட்டவர்களும் உண்டு. வாட்டர்டவுனிலுள்ள ஆர்மீனிய அருங்காட்சியகத்தோடு நெடுங்காலத் தொடர்புடைய கேரி, சூசன் லிண்ட்-சினானியான் இணையர், எஞ்சியிருந்த முதிய குடியேறிகளைச் சந்தித்து, எந்த அடவு எந்த ஊருக்குரியது, அது திருமணத்தில் ஆடப்பட்டதா, வேறு தருணத்துக்கு உரியதா என்பவற்றையெல்லாம் கேட்டுத் திரட்டினார்கள். ஃபிரஸ்னோ ஆர்மீனியரிடையே வளர்ந்து 1970களில் யெரெவானில் நடனம் பயின்ற டாம் போஸிகியான், அமெரிக்காவின் பன்னாட்டு நாட்டுநடன முகாம்களில் ஆர்மீனிய நடனங்களைக் கற்பித்ததால், அவை ஆர்மீனியரல்லாதோர் கால்களிலும் இடம்பெற்றன. இத்தகையோர் பணியின் அருமை, ஆட்டத்தைக் காட்சிப் பொருளாக்காமல், வரிசையில் எவரும் சேரக்கூடிய வடிவிலேயே திருப்பித் தந்ததில் இருக்கிறது.

ஊரோடு ஊராகப் பெயர்ந்தவர்களிடம் இந்த இயல்பு எவ்வளவு உறுதியாக நிலைக்கிறது என்பதற்கு லெபனானின் அஞ்சார் ஓர் எடுத்துக்காட்டு. 1915இல் உதுமானியப் படையை எதிர்த்து நின்று பிரெஞ்சுக் கப்பல்களால் மீட்கப்பட்ட மூசா மலையவர், 1939இல் அம்மலைப் பகுதி துருக்கியோடு இணைந்தபோது மீண்டும் பெயர்ந்து, ஆறு கிராமத்தவரும் ஆறு வட்டாரங்களாக இங்கே குடியேறினார்கள். ஆண்டுதோறும் செப்டம்பரில் திருச்சிலுவை விழாவையொட்டிக் கோதுமையும் இறைச்சியும் பெருங்கொப்பரைகளில் இரவெல்லாம் வெந்து ஹரிசாவாகும்வரை, சூர்னாவும் முரசும் ஓயாமல் ஒலிக்க, ஊரார் நெருப்பைச் சூழ ஆடுகிறார்கள். நடனம், உணவு, வழிபாடு மூன்றும் பிரியாமல் இருக்கும் இடத்தில் பாதுகாப்பு என்ற சொல்லுக்கே தேவை எழுவதில்லை.

கடந்த கால் நூற்றாண்டில் தாய்நாட்டிலும் காற்று திரும்பியிருக்கிறது. லிஸித்சியானின் மாணவியான ஷென்யா காச்சத்ரியான் போன்ற ஆய்வாளர்களின் பதிவுகளை அடிப்படையாகக் கொண்டு, காகிக் கினோசியான் 2001இல் தொடங்கிய ‘காரின்’ குழு மேற்கு ஆர்மீனிய நடனங்களை மேடை மெருகின்றி ஆடுவதோடு, யெரெவானின் காஸ்கேட் படிக்கட்டடியில் மாதந்தோறும் பொதுமக்களுக்கு அவற்றைக் கற்பித்தும் வந்தது. அங்கே வந்த வெளிநாட்டு ஆர்மீனிய இளைஞர்கள் தம் கொள்ளுப்பாட்டனின் ஊர் அடவை முதல்முறையாகக் கற்றுத் திரும்பினார்கள். தோள்பற்றி ஆடும் ‘கோச்சாரி’ 2017இல் ஆர்மீனியாவின் சார்பில் யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது; மறு ஆண்டே கோச்சாரியையும் உள்ளடக்கிய நக்சிவான் குழுநடனங்கள் அசர்பைஜான் சார்பில் அவசரப் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்றன. குர்துகள், அசீரியர், பொந்துக் கிரேக்கர் ஆகியோரும் இந்த நடனக் குடும்பத்துக்கு உரியவர்களே. ஒரே மலைநாட்டில் அண்டை அயலாராக வாழ்ந்தவர்களின் பொதுச்சொத்தை நாட்டெல்லைகளால் பங்கிட முயல்வது அந்த மலைநாட்டின் வரலாற்றுக்கே ஒவ்வாதது. பட்டியலில் சேர்வதால் ஒரு நடனத்துக்கு மதிப்பு கூடும், உண்மைதான். வாட்டர்டவுன் தேவாலய மண்டபத்தில் அது தொடர்வதோ, இசை தொடங்கியதும் பேத்தியின் கையைப் பற்றி வரிசையின் வாலில் நிறுத்தும் பாட்டி ஒருத்தி அங்கே இருப்பதைப் பொறுத்தது.

அந்த வரிசைக்கு உயிர் கொடுத்த இசையைப் பற்றி, குறிப்பாக 1989இல் அமெரிக்க தேசிய மரபுக்கலை விருது பெற்ற ஃபிரஸ்னோ ஊத் கலைஞர் ரிச்சர்ட் ஹகோபியான் பேணிய மேற்கு ஆர்மீனியப் பாட்டு மரபைப் பற்றி அடுத்த பகுதியில் காணலாம்.