கொதிக்கும் குப்பையில் ஒரு குடித்தனம்!

மார்கழி மாதக் காலையில் எருக்குழியை மண்வெட்டியால் கிளறினால் குபுகுபுவென ஆவி பறக்கும். உள்ளே கையை விட்டால் சுடும். யாரும் தீ வைக்கவில்லை. பிறகு எங்கிருந்து வந்தது இந்தச் சூடு?

சாணத்தையும் இலைதழைகளையும் தின்று மட்க வைக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வெளியிடும் வெப்பம்தான் அது. வெளியேற வழியில்லாமல் குவியலுக்குள்ளேயே தங்கிவிடுவதால், நடுப்பகுதி 60, 70 டிகிரி செல்சியஸைக்கூடத் தொடும்.

பெரும்பாலான பூஞ்சைகளுக்கு 40 டிகிரியே அதிகம். ஆனால் சில டஜன் பூஞ்சை இனங்கள் மட்டும் 50 டிகிரியிலும் சாவகாசமாக வளர்கின்றன. 20 டிகிரிக்குக் கீழே போனால்தான் அவற்றுக்கு வளர்ச்சி நின்றுவிடும்! இவைதான் வெப்பம் விரும்பும் பூஞ்சைகள்.

உலர்ந்த புல் போர் ஏன் தானாகவே சூடாகிறது என்று ஆராய்ந்த ஜெர்மானியத் தாவரவியலாளர் ஹியூகோ மீஹே, இந்தப் பூஞ்சைகள் சிலவற்றை அதிலிருந்து பிரித்தெடுத்தார். 1907-ல் அதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார்.

எப்படித் தாங்குகின்றன?

முதல் ரகசியம், செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வில் இருக்கிறது. அந்தச் சவ்வு கொழுப்பால் ஆனது. குளிர்காலத்தில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும், நல்லெண்ணெய் உறையாது அல்லவா? கொழுப்பின் வகைதான் காரணம். நல்லெண்ணெய் போல இளகும் கொழுப்பு சவ்வில் அதிகம் இருந்தால், வெயிலில் வைத்த மெழுகாக அது தளர்ந்துவிடும். தெர்மோமைசீஸ் லானுஜினோசஸ் என்ற பூஞ்சையை 30 டிகிரியில் வளர்த்தபோது சவ்வில் இருந்த லினோலியிக் அமிலம் என்ற இளகும் கொழுப்பு, 50 டிகிரியில் வளர்த்தபோது பாதியாகக் குறைந்திருந்தது. சூட்டுக்குத் தகுந்தபடி சவ்வையே மாற்றிக்கொள்கிறது அது.

இரண்டாவது, புரதங்களின் பாதுகாப்பு. முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கரு கெட்டியாகிறது. அதில் உள்ள புரதங்கள் சூட்டில் மடிப்பு குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வரும் மாற்றம் அது. செல்லுக்குள்ளும் இதே ஆபத்து உண்டு. குலையும் புரதங்களைப் பிடித்து மறுபடி சரியாக மடித்துவிடவே 'வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள்' என்ற உதவியாளர்கள் இருக்கின்றன. நம் உடல் செல்களிலும் இவை உண்டு.

மூன்றாவது, ஒரு சர்க்கரை. இரண்டு குளுக்கோஸ் சேர்ந்த 'ட்ரெஹலோஸ்', சவ்வையும் புரதத்தையும் சிதையாமல் காக்கிறது. சாதாரணப் பூஞ்சைகள் சூடு பட்ட பிறகுதான் இதை அவசரமாகத் தயாரிக்கும். வெப்பம் விரும்பிகளோ எப்போதும் கையிருப்பில் வைத்திருக்கின்றன. மழை வந்த பிறகு கூரையைத் தேடாமல், முன்பே வேய்ந்து வைத்திருப்பவை இவை.

இவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. சுமார் 60 டிகிரியைத் தாண்டினால் இவையும் தாங்காது. குவியலின் நடுப்பகுதி மிகவும் கொதிக்கும்போது ஓரங்களில் பிழைத்திருந்து, சூடு தணிந்ததும் மறுபடி உள்ளே பரவும்.

சமையலறை வரை...

இந்தப் பூஞ்சைகளின் நொதிகளும் சூட்டுக்கு அஞ்சாதவை. எண்ணெய்க் கறையைப் போக்க சலவைத்தூளில் சேர்க்கும் நொதி ஒன்று, தெர்மோமைசீஸ் பூஞ்சையின் மரபணுவிலிருந்து வந்தது. மீஹேயின் பெயரைத் தாங்கிய ரைசோமியூக்கர் மைஹீ தரும் நொதி, பாலைத் திரித்து சீஸ் ஆக்குகிறது. கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி இல்லாமலே சைவ சீஸ் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கவலையும் உண்டு

நம் உடலின் 37 டிகிரி சூடு ஒரு வேலி. அதைத் தாங்க முடியாமல்தான் பெரும்பாலான பூஞ்சைகள் நமக்குள் வளர்வதில்லை. பூமி சூடாகும்போது பூஞ்சைகளும் சூட்டுக்குப் பழகிவிட்டால் அந்த வேலி பலவீனமாகுமே என்று விஞ்ஞானிகள் சிலர் அஞ்சுகிறார்கள். 2009-ல் ஜப்பானில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டு, பிறகு பல நாடுகளின் மருத்துவமனைகளில் தலைவலியான கேண்டிடா ஆரிஸ் இப்படி வந்ததாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. இன்னும் உறுதியாகவில்லை.

உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு. எருக்குவியலில் 50 டிகிரியிலும் வளரக்கூடிய ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் நுரையீரலைத் தாக்கும். மாடித் தோட்டத்து உரத்தொட்டியைக் கிளறும் தாத்தா பாட்டிக்கு ஆஸ்துமாவோ சர்க்கரை நோயோ இருந்தால், அந்த வேலையை வேறொருவரிடம் விடலாம். முடியாவிட்டால், லேசாகத் தண்ணீர் தெளித்து, மூக்கையும் வாயையும் மாஸ்க்கால் மூடிக்கொண்டு கிளறுவது நல்லது.