கோட்டையா, அரண்மனையா, வீடா?

பத்து காஜாவிலிருந்து கோப்பெங் செல்லும் சாலையில், ராயா ஆற்றை அடுத்த மேட்டில், முற்றுப்பெறாத பெருங்கட்டடம் ஒன்று நிற்கிறது. அதன் பெயர் 'கெல்லிஸ் காசல்'. இவ்வட்டாரத் தமிழ்ப்பள்ளி மாணவர்களுள் அதனைக் காணாதவர் அரியர். கல்விச் சுற்றுலாவைப் பற்றிக் கட்டுரை வரையச் சொன்னால் ஒருவர் 'கெல்லி கோட்டை' என்று எழுதுவார். மற்றவர் 'கெல்லி அரண்மனை' என்பார். இன்னொருவருக்கு அது மாளிகை. இவற்றுள் எதற்கு மதிப்பெண் தருவது என்று ஆசிரியர்கள் வினவுவதுண்டு.

அகராதியைப் புரட்டினால் குழப்பம் தீர்வதில்லை, பெருகவே செய்கிறது. 'காசல்' என்பதற்கு நேரே கோட்டை, அரண்மனை என இரு பொருளும் இருக்கும். 'பேலஸ்' என்பதற்கு நேரே அரண்மனை, மாளிகை. 'ஃபோர்ட்' என்பதற்கு நேரே கோட்டை, அரண். மூன்றும் ஏறத்தாழ ஒன்றே என்று ஒரு மாணவர் முடிவு செய்தால், பிழை அவருடையது அன்று.

ஆங்கிலம் இம்மூன்றையும் இரண்டு வினாக்களைக் கொண்டு பிரிக்கிறது. அங்கே குடும்பமாக வாழ்பவர் உண்டா? பகைவர் தாக்கினால் அக்கட்டடம் தாங்குமா? தாங்கும், ஆனால் படையினர் தங்கும் இடமேயன்றிக் குடும்பம் வாழும் இல்லமன்று எனில் அது 'ஃபோர்ட்'. பினாங்குத் துறைமுகத்தருகே உள்ள கார்ன்வாலிஸ் கோட்டை அத்தகையது. மன்னர் வாழ்கிறார், காப்பு முதன்மையன்று எனில் 'பேலஸ்'. கோலகங்சாரிலுள்ள இஸ்கந்தாரியா அரண்மனையை ஆங்கிலத்தில் 'காசல்' என எவரும் சொல்லார். இரண்டுக்கும் 'ஆம்' என்றால் அது 'காசல்': ஒரு தலைவன் குடும்பத்தோடு வாழ்ந்துகொண்டே போரிடுவதற்கான கட்டடம். 1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மானியர் நாடெங்கும் இத்தகைய கட்டடங்களை எழுப்பினர். அச்சொல்லின் மூலம் படைமுகாமைக் குறிக்கும் இலத்தீன் சொல். 'பேலஸ்' என்பதோ, உரோமப் பேரரசர்கள் வாழ்ந்த பாலத்தீன் குன்றின் பெயரிலிருந்து பிறந்தது.

இனித் தமிழுக்கு வருவோம். அரண்மனை என்பது அரண், மனை என்னும் இரு சொற்களின் கூட்டு. அரண் என்பது காப்பு. திருக்குறளின் 75ஆம் அதிகாரத்திற்கே அது பெயர். மனை என்பது வீடு. ஆக, உறுப்புகளைப் பிரித்துப் பார்த்தால், அரண்மனையே 'காசல்' என்பதற்கு மிகப் பொருத்தமான சொல்லாகத் தோன்றும். ஆனால் வழக்கு அதை ஏற்கவில்லை. அரண்மனை என்றவுடன் தமிழர் நினைப்பது மன்னரையே, மதிலை அன்று. சொற்பிறப்பை விளக்குவதில் நம் தமிழாசிரியர்களுக்குத் தனி விருப்பம் உண்டு. எனக்கும் உண்டு. எனினும் ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பது வேறு. இன்று எதைக் குறிக்கிறது என்பது வேறு.

கோட்டையும் 'ஃபோர்ட்' என்பதற்கு முற்றும் ஈடாகாது. செஞ்சிக் கோட்டைக்குள் நெற்களஞ்சியம் உண்டு, கோயில் உண்டு, கல்யாண மகால் உண்டு. நம் கோட்டை ஓர் ஊரையே உள்ளடக்கவல்லது. இவ்வாறு மொழிக்கு மொழி எல்லைகள் மாறுவது இயல்பே. நெல், அரிசி, சோறு எனத் தமிழ் மூன்றாகவும், பாடி, பெராஸ், நாசி என மலாய் மூன்றாகவும் காண்பதை ஆங்கிலம் பெரும்பாலும் 'ரைஸ்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது.

அப்படியானால் பத்து காஜாவில் நிற்பது எது? அங்கே போரும் இல்லை, மன்னரும் இல்லை. 1915இல் கட்டத் தொடங்கிய ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் அதற்கு இட்ட பெயர் 'கெல்லாஸ் ஹவுஸ்'. அதாவது வீடு! 'காசல்' என்பது தோற்றத்தை நோக்கிப் பின்னர் வழங்கலான பெயர். ஆகவே பெயராகக் குறிக்கும்போது 'கெல்லிஸ் காசல்' என்றே எழுதலாம். விளக்கும்போது மாளிகை என்பதே பொருந்தும். கோட்டை என்று எழுதிய மாணவருக்கு நான் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டேன். ஏன் அவ்வாறு எழுதினார் என்று கேட்பேன்.

'மேன்ஷன்' என எழுதலாமே எனச் சிலர் கூறலாம். ஆங்கிலேயர்க்கு அது செல்வரின் பெருவீடு; சென்னைத் திருவல்லிக்கேணியிலோ மணமாகாத ஆடவர் வாடகைக்குத் தங்கும் அறைகள் நிறைந்த விடுதி. 'பங்களா'வின் கதையும் அத்தகையதே. பிரிட்டனில் அது மாடியில்லா வீடு, பெரும்பாலும் எளியது. மலேசியாவில் தனித்து நிற்கும் வீடு எத்தனை மாடியாயினும் பங்களாதான். தோட்டத் தமிழிலோ அது துரையின் இருப்பிடம்; தொழிலாளர்க்கு லயம்.

'ஹவுஸ்', 'ஹோம்' என்னும் இணைதான் மாணவர்களை மிகுதியும் இடறச் செய்கிறது. 'ஹவுஸ்' கட்டடம்; 'ஹோம்' உரிமையும் உறவும் உள்ள இடம். தமிழில் 'வீடு' இரண்டையும் சுமக்கிறது. 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்பவர் சுவரைக் கேட்கப் போவதில்லை. மனையிலிருந்து மனைவியும், இல்லிலிருந்து இல்லாளும் பிறந்த மொழி இது. 'வீட்டுக்கு' என்பதிலுள்ள நான்காம் வேற்றுமை உருபை அப்படியே பெயர்ப்பதால்தான் மாணவர் 'கோ டு ஹோம்' என எழுதுகிறார். 'கோ ஹோம்' என்பதில் 'ஹோம்' வினையடையாக நிற்கிறது. 'டு' அங்கே வேண்டியதில்லை. 'ஹவுஸ்' வந்தால் 'டு' வேண்டும். இதைச் சிவப்பு மையால் வட்டமிட்டுவிட்டால் போதாது. உருபைச் சுட்டி விளக்கினால் மாணவர் மறவார்.

'ஹோம்' என்பதற்கு இன்னுமொரு பொருள் உண்டு. இங்கு ஆண்ட ஆங்கிலேயர் நெடுங்காலம் மலாயாவில் வாழ்ந்தும், 'ஹோம்' என்று பிரிட்டனையே குறித்தனர்; அங்குச் செல்லும் விடுப்பு 'ஹோம் லீவ்'. கெல்லாஸ் என்பதும் ஸ்காட்லாந்துச் சிற்றூர் ஒன்றின் பெயரே. அவ்வீடு முடியும் முன்னர், 1926இல், ஸ்மித் லிஸ்பன் நகரில் காலமானார்.

அவருடைய தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்க்கும் அத்தகைய சொல் ஒன்று இருந்தது: ஊர். 'ஊருக்குப் போகிறேன்' என்றால் கப்பலேறித் தமிழகம் போவது. அருகிலுள்ள மாரியம்மன் கோயில் அத்தலைமுறையின் நினைவாக நிற்கிறது. அவர்களின் வழிவந்தோரை எந்த ஊர் என்று கேட்டால், இன்று பத்து காஜா என்கின்றனர். கோலாலம்பூரில் வேலை செய்யும் அவர்தம் பிள்ளைகள், தீபாவளிக்கு முன் மலாய் நண்பரிடம் 'பாலிக் கம்போங்' என்றும், ஆங்கிலத்தில் 'கோயிங் ஹோம்' என்றும், தொலைபேசியில் அம்மாவிடம் 'ஊருக்கு வர்றோம்' என்றும் சொல்கின்றனர். கம்போங் என்பதைக் கிராமம் என்று பெயர்த்து மதிப்பெண் இழக்கும் மாணவர்க்கு, இம்மூன்று தொடர்களையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டலாம்.